சுவருக்கு முதுகு காட்டாத சபை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு மன்னர், தம் கொலுமண்டபத்துச் சுவரை முதன்முதலாகப் பார்த்துத் திடுக்கிட்டார். பட்டத்துக்கு வந்து, மீசை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தார். அதுவரை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கக்கூடாது. மன்னர்கள் சபையில் முகங்களைத்தான் பார்ப்பார்கள். முகங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே இருந்ததால், சுவரும் நன்றாகத்தான் இருக்கும் என்று மாணிக்க பூபதி மகாராஜா நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் அண்டை நாட்டுத் தூதர். வந்தவர் வணங்கினார், நாலு பக்கமும் பார்த்தார், பணிவாகக் கேட்டார்.

"மகாராஜா, எங்கள் நாட்டில் வரட்டியை மாட்டுக்கொட்டில் சுவரில்தான் தட்டுவோம். தாங்கள் கொலுமண்டபத்திலேயே தட்டுகிறீர்களே. விறகுக்குப் பஞ்சமோ?"

மன்னருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரைப் பார்த்தார். உட்கார்ந்தவர் தலை உயரத்தில், வரிசையாக, வட்ட வட்டமாகக் கருத்த அடையாளங்கள். வரட்டி அல்ல. சபை நடக்கும்போது சுவரில் சாய்ந்து உறங்கிய பிரபுக்களின் எண்ணெய்த் தலைகள் காலம் காலமாக வைத்த கறை. யார் எந்த இடத்தில் உறங்குவார் என்பதைச் சுவரே சொன்னது. பிரதானி நரலோகநாதரின் வட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது.

"வண்ணம் பூசுங்கள்!" என்று மன்னர் கத்தினார். "இப்போதே! என்ன நிறம் பூசலாம்?"

தளவாய் வீரகேசரி மார்பை நிமிர்த்தினார். "எதிரியின் குருதி நிறம், மகாராஜா!" அவர் வாழ்நாளில் கண்ட குருதி, முகம் மழிக்கும்போது கண்டதுதான்.

பிரதானி கைகட்டிச் சொன்னார்: "மகாராஜாவின் மனத்தில் எந்த நிறம் இருக்கிறதோ, அதே நிறம்தான் அடியேன் மனத்திலும் இருக்கிறது."

"என் மனத்தில் ஒன்றும் இல்லையே."

"அடியேன் மனத்திலும் அதுவேதான், பிரபு."

அரண்மனை விகடன் தாண்டவராயன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "மகாராஜா, சுவரைப் பற்றிச் சுவர் வேலைக்காரனைக் கேட்டால் என்ன?"

"அதற்கு என் மைத்துனன் இருக்கிறானே!" என்றார் பிரதானி.

அந்த மைத்துனன் பூசிய பிரதானி வீட்டுச் சுவர், போன மழையில் வாசற்படி இறங்கித் தெருவோடு ஓடியதை ஊரே பார்த்திருந்தது. மன்னரும் பல்லக்கில் இருந்தபடி பார்த்திருந்தார். ஆகவே தாண்டவராயன் சொன்ன ஆளுக்குத்தான் அழைப்புப் போயிற்று. அன்றிலிருந்து பிரதானிக்குத் தாண்டவராயனைக் கண்டால் சோறு இறங்கவில்லை.

வந்த ஆள் மேஸ்திரி இருளப்பன். தலையில் பெரிய முண்டாசு, அதைவிடப் பெரிய வாய். மன்னரைக் கும்பிட்ட கையோடு சுவரிடம் போய் நகத்தால் சுரண்டினான், முகர்ந்து பார்த்தான், முகத்தைச் சுளித்தான்.

"எண்ணெயில ஊறிப்போய்க் கெடக்கு மகராசா. இதுக்கு மேல எதைப் பூசுனாலும் நிக்காது. அம்புட்டையும் சுரண்டணும், கழுவணும், காய விடணும். நிறத்தைக் கடைசியில பேசிக்கலாம். இந்த நாட்டுல சுவரு தெரிஞ்ச ஆளு ரெண்டே பேரு. ஒருத்தரு எங்கப்பாரு, அவரு போய்ச் சேந்துட்டாரு."

"அடக்கமான மனிதன்" என்றான் தாண்டவராயன்.

சுரண்டிக் காய்ந்த சுவரில், இருளப்பன் ஒரு மூலையில் பல நிறங்களைத் துண்டு துண்டாகப் பூசிக் காட்டினான். ஈரம் உலரும் முன்பே பிரபுக்கள் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "ஆஹா, இது செங்கழுநீர்!" "ஓகோ, இது மயில் கழுத்து!" என்று மண்டபம் அதிர்ந்தது.

"சாமி, சுண்ணாம்பு ஈரத்துல ஒரு நிறம் காட்டும், காய்ஞ்சா ஒரு நிறம் காட்டும். கொஞ்சம் பொறுங்க" என்றான் இருளப்பன். யார் கேட்டார்கள்? உச்சிவேளைக்குள் எல்லாம் காய்ந்து, தளவாயின் குருதி பழைய சன்னியாசியின் வேட்டியைப் போல வெளுத்துவிட்டது. மயில் கழுத்து சாம்பலாகிவிட்டது. தளவாய் அதிர்ச்சியில், முறுக்கிக்கொண்டிருந்த மீசையை விட்டுவிட்டார். காய்ந்த பிறகு கண்ணுக்குக் குளுமையாக நின்றது சந்தன நிறம் ஒன்றுதான். மன்னர் அதைத் தொட்டுக் காட்டியதும், காலையிலிருந்து தாங்களும் அதையேதான் சொன்னதாக எல்லாப் பிரபுக்களும் சத்தியம் செய்தார்கள்.

பிறகு வேலை நடந்தது. ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கடுக்காய்ச் சாறும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து, மஞ்சள் மண்ணைக் குழைத்து, முட்டை வெள்ளையை அடித்து ஊற்றினார்கள். ஊர்க் கோழிகள் எல்லாம் கொஞ்ச காலம் அரண்மனைக்கு மட்டுமே முட்டையிட்டன. பூசியதைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் சுவர் கண்ணாடியானது. மன்னர் வந்து பார்த்தார். சுவருக்குள் இருந்து இன்னொரு மன்னர் வந்து அவரைப் பார்த்தார். இவர் மலைத்துப்போய் நின்றார். அவரும் மலைத்துப்போய் நின்றார்.

"இந்த அழகைச் சிம்மாசனத்தின் உயரமான சாய்மானம் மறைக்கிறதே! அறுத்து எடுங்கள்!" என்றார். தலைமுறை தலைமுறையாக வந்த தேக்குச் சாய்மானத்தை அன்று மாலையே இடுப்பு உயரத்துக்கு அறுத்துவிட்டார்கள். சிம்மாசனம் பிரம்பு மோடா போலக் குட்டையாகிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தது.

இருளப்பன் விடைபெறும்போது சொன்னான்: "மகராசா, பூசுறது பாதி, பேணுறது பாதி. எண்ணெய்த் தலையோட யாரும் சாயக்கூடாது. வெத்தலை போட்ட கையால தொடக்கூடாது. தூசியிருந்தா மெத்துனு காய்ஞ்ச துணியால ஒத்தி எடுங்க. அழுத்தித் தேய்ச்சீங்கன்னா பளபளப்பு போயிரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

பிரதானி காத்திருந்த இடம் அதுதான். எழுந்து, குரலைத் தேனில் தோய்த்தார்.

"மகாராஜா, இதை ஒரு வேலைக்காரன் சொல்லி நாம் கேட்பதா? அரசாணையாகவே இருக்கட்டும். மன்னரின் திருவுருவம் இந்தச் சுவரில் தெரிகிறது. ஆகவே இது சுவர் அன்று, சாட்சாத் மன்னரேதான்! இன்று முதல் மன்னருக்குரிய மரியாதை எல்லாம் நான்கு சுவருக்கும் உண்டு. மீறிக் கறை படிந்தால், பூச்சில் குறை இருந்ததாகவே பொருள். பூசியவனின் வலது கை வெட்டப்படும். காவல் பொறுப்பு, இவனை அழைத்துவந்த தாண்டவராயனுக்கு."

தம்மை நான்கு பக்கமும் நிறுத்திவைத்துப் புகழ்ந்தது மன்னருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆணையின் பின்பாதியைக் காதில் வாங்காமலே முத்திரை வைத்துவிட்டார்.

இருளப்பனின் பெரிய வாய் அப்படியே திறந்தபடி நின்றுவிட்டது. வெளியே வந்ததும் தாண்டவராயனைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, என்ன காரியம் பண்ணிட்டீக! இவுக அம்புட்டுப் பேரும் ஒக்காந்தா சாய்வாக, சாய்ஞ்சா தூங்குவாக! என் கையி! இந்தக் கை போச்சுன்னா நான் எதை வச்சுப் பொழைக்கிறது?"

"யாரும் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதுமா?"

"எப்படிய்யா பாப்பீக? எல்லாரும் பெரிய மனுசங்க!"

"பெரிய மனிதர்கள் எழுதிய ஆணையே இருக்கிறதே. அதில் ஓர் எழுத்தும் குறையாமல் நடந்தால் போதும்" என்றான் தாண்டவராயன்.

மறுநாள் சபை கூடியது. பிரபுக்கள் வழக்கம்போல் சுவரோரம் போய் உட்காரப் போனார்கள். தாண்டவராயன் கையில் ஒரு கோலோடு வாசலில் நின்று அலறினான்.

"ஐயையோ! பிரதானியாரே! என்ன துணிச்சல்! மன்னருக்கு முதுகு காட்டுகிறீரே!"

பிரதானி பதறித் திரும்பினார். "எங்கே? மன்னர் எதிரில் அல்லவா இருக்கிறார்?"

"உமக்குப் பின்னாலும் இருக்கிறார். நீர் எழுதிய ஆணை. மன்னருக்கு முதுகு காட்டலாமா?"

பிரதானிக்கு வியர்த்தது. சட்டென்று திரும்பிப் பின்சுவரைக் கும்பிட்டார். தாண்டவராயன் மறுபடி அலறினான். "இப்போது எதிர்ச்சுவருக்கு முதுகு!" பிரதானி வலப்பக்கம் திரும்பினார். "இடப்பக்கத்து மகாராஜாவை அவமதிக்கிறீரே!" தளவாய் வீரகேசரி நிற்க இடமில்லாமல் பம்பரமாகச் சுற்றி, தலை கிறங்கி, தரையில் படுத்துவிட்டார்.

"தளவாய் மன்னரை நோக்கிக் கால் நீட்டுகிறார்!" என்றான் தாண்டவராயன். தளவாய் அலறி எழுந்தார்.

கடைசியில் அவனே வழி சொன்னான். மண்டபத்தின் நடுவே இருவர் இருவராக, முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். அப்போது ஒருவர் முதுகு இன்னொருவர் முதுகுக்குத்தான் தெரியும், எந்தச் சுவருக்கும் தெரியாது. பிரதானிக்கு ஜோடியாக வாய்த்தவர் தளவாய். இருவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

"நகர்ந்து நில்லும். உமது முதுகெல்லாம் வியர்வை" என்றார் பிரதானி.

"உமது முதுகில் எலும்பே இல்லையே, நான் எதில் சாய்ந்து நிற்பது?" என்றார் தளவாய்.

சபை கலைந்து போகும்போதும் ஒட்டியபடியே, நண்டுகள் போலப் பக்கவாட்டில் வாசல் தாண்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஊர்ச்சனம் இதைக் கண்டு வாயில் கை வைத்தது. அரசாங்கத்துக்கு ஏதோ நோய் வந்துவிட்டதென்றே நினைத்தது.

நாள்கள் போயின. எவரும் உட்காரவில்லை, சாயவில்லை, உறங்கவில்லை. சபை தொடங்கிய காலத்திலிருந்து முதன்முறையாகக் குடிகளின் மனுக்கள் கடைசிவரை கேட்கப்பட்டன. பிரபுக்களுக்கு அது மற்றோர் அதிர்ச்சி. மன்னரோ தம் குட்டைச் சிம்மாசனத்தில் சுகமாக இருந்தார். மதியத்துக்கு மேல் கிரீடம் கனக்கிறதென்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "என்ன பக்தி! என்ன பக்தி!" என்று தலையாட்டிக்கொண்டே கண்களை மூடிக்கொள்வார்.

பிரதானி ஒன்றையே தேடினார்: ஒரே ஒரு கறை. கறை கிடைத்தால் இருளப்பன் கை போகும், தாண்டவராயன் மானம் போகும், இந்த நண்டுப் பிழைப்பும் தீரும். நின்ற இடத்திலிருந்தே கண்ணால் சுவர்களைத் துழாவினார். ஒன்றும் இல்லை.

ஒருநாள் அதே அண்டை நாட்டுத் தூதர் மறுபடி வந்தார். மன்னர் கிரீடத்தை அணிந்துகொண்டு, வரவேற்க எழுந்து நாலடி முன்னே வந்தார். சபையோர் முன் ஒருநாளும் காலியாகாத சிம்மாசனம் அன்று காலியானது. அதற்கு நேர் எதிரே நின்ற பிரதானியின் கண் அதற்குப் பின்னால் போயிற்று.

"கறை!" என்று அவர் போட்ட கூச்சலில் தளவாய் முன்னே சாய்ந்து விழுந்தார். "மகாராஜா! மோசம் போனோம்! கறை! அதோ!"

மன்னர் திரும்பினார். சிம்மாசனத்துக்கு மேலே, கண்ணாடி போன்ற சந்தன நிறச் சுவரில், வட்டமாக, கருமையாக, மினுமினுவென்று ஒரு கறை. தூதர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

"யார்?" என்றார் மன்னர். "என் தலைக்குப் பின்னால் வந்து இதை வைத்தவன் யார்?"

பிரதானி அப்போதுதான் கறையின் உயரத்தைக் கவனித்தார். ஆனால் கத்தியாகிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது. "யாராய் இருந்தால் என்ன, மகாராஜா? கறை படிந்தால் பூசியவன் கை. ஆணை அப்படி!"

இருளப்பனை இழுத்துவந்தார்கள். தண்டனையை நிறைவேற்றும் கொலையாள் வாளோடு வந்து நின்றான். இருளப்பன் கறையைப் பார்த்தான். அருகே போய் முகர்ந்தான். நாட்டில் ஒரே ஒரு தலைக்கு மட்டும் காய்ச்சப்படும் சண்பகத் தைலத்தின் மணம். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "மகராசா, இது..." என்று தொடங்கினான். தாண்டவராயன் அவன் காலை ஓங்கி மிதித்தான்.

"மகாராஜா, ஆணைப்படியே நடக்கட்டும்" என்றான் தாண்டவராயன்.

இருளப்பன் அவனை நம்பமுடியாமல் பார்த்தான்.

"கையை வெட்டுங்கள். ஆனால் முழு ஆணையையும் நடத்துங்கள். சுவர் என்பது மன்னர். கறை வைத்தவன் மன்னரை அவமதித்தவன். அவன் இந்தச் சபையிலேயே இருக்கிறான். இவன் கையை மட்டும் வெட்டிவிட்டுப் போனால், அவன் நாளைக்கு அடுத்த சுவருக்குப் போவான்."

"உண்மை!" என்றார் மன்னர். "கண்டுபிடி! இப்போதே!"

"எளிது. இது ஒரு தலை வைத்த கறை. ஒவ்வொருவராக அந்தச் சிம்மாசனத்தில் அமர்ந்து தலையைச் சாய்க்கட்டும். எந்தத் தலை பொருந்துகிறதோ, அந்தத் தலைதான். பிரதானியாரே, தாங்கள் முதலில் வாருங்கள்."

பிரதானி ஓரடி பின்னால் போனார். "சிம்மாசனத்தில் நானா? அதுவும் சுவருக்கு முதுகு காட்டியா? மன்னருக்கு முதுகு காட்டுவதை விட நான் உயிரை விடுவேன்!"

"நானும்!" என்றார் தளவாய். மற்றப் பிரபுக்களும் உயிரை விட முன்வந்தார்கள்.

"பார்த்தீர்களா, மகாராஜா, இக்கட்டை" என்றான் தாண்டவராயன் சோகமாக. "குடிமக்கள் எவரும் மன்னருக்கு முதுகு காட்டக்கூடாது. ஆகவே இவர்கள் எவராலும் தலை வைத்துக் காட்ட முடியாது. கறையோ இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை."

மன்னருக்குப் பொறுமை போயிற்று. "தலையைச் சாய்ப்பதற்கு இத்தனை வாதமா? என் சுவர், என் சிம்மாசனம். நானே எப்படி என்று காட்டுகிறேன். பிறகு எல்லாரும் வரிசையாக வந்து உட்காருங்கள், இது என் உத்தரவு!"

கிரீடத்தைக் கழற்றிப் பிரதானியின் கையில் கொடுத்துவிட்டு, சிம்மாசனத்தில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தார்.

கறையைக் காணோம். மன்னரின் தலைக்குப் பின்னால் அது முழுசாக மறைந்துவிட்டது. பழகிய தலையணையில் பதிவது போல அவர் தலை தானாகவே அங்கே போய்ப் பொருந்திக்கொண்டது. கண்கள்கூடப் பழக்கத்தில் லேசாகச் சொருகின.

"அப்படியே அசையாமல் இருங்கள், மகாராஜா" என்றான் தாண்டவராயன். "இருளப்பா, தலையைச் சுற்றிக் கரிக்கோடு போடு."

"என் சுவத்துலயா? கரியா?" இருளப்பனுக்கு வாளைவிட அதுதான் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. இடுப்பிலிருந்த கரித்துண்டை எடுத்து, அரசரின் காதிலிருந்து காது வரை கோடு போட்டான்.

மன்னர் எழுந்தார். திரும்பினார். கரிக்கோட்டுக்குள், ஒரு நூல் பிசகாமல், அந்தக் கறை இருந்தது. புதிதாக வைத்த எண்ணெய் அதில் பளபளத்தது.

மன்னர் தம் பின்னந்தலையைத் தடவினார். விரல்களைப் பார்த்தார். முகர்ந்தார்.

பிரதானி முந்திக்கொண்டார். "ஆஹா! அடியேன் கண் கெட்டுப்போயிற்று! இதையா கறை என்றேன்? இது கறை அன்று, ராஜ முத்திரை! மன்னரின் திருத்தலை பதித்த முத்திரை! நாடு செய்த பாக்கியம்!"

"முத்திரை! முத்திரை!" என்று பிரபுக்கள் கைதட்டினார்கள். தளவாய் கறையை நோக்கி விழுந்து கும்பிட்டார்.

"நல்லதாகப் போயிற்று" என்றான் தாண்டவராயன். "பிரதானியார் வாயாலேயே கறை இல்லை என்று ஆகிவிட்டது. கறை இல்லாவிட்டால் கையை வெட்ட ஆணையில் இடமில்லை."

மன்னர் அவனைப் பார்த்தார். இருளப்பனைப் பார்த்தார், வாளைப் பார்த்தார். தாம் கேளாமலே முத்திரை வைத்த ஆணையின் பின்பாதி இப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது போலிருந்தது. கையசைத்துக் கொலையாளை வெளியே போகச் சொன்னார். பிறகு பிரதானியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கி மன்னரின் உதடுகள் துடித்தன.

"இது ராஜ முத்திரைதானா, பிரதானியாரே?"

"சந்தேகமென்ன, பிரபு!"

"அப்படியானால் சுவருக்கு மட்டும் எதற்கு?" என்று சொல்லி, மன்னர் பிரதானியை இழுத்து, திரும்பி நின்று அவர் மார்பில் சாய்ந்து, அவருடைய புதுப் பட்டு அங்கவஸ்திரத்தில் தம் பின்னந்தலையை இப்படியும் அப்படியும் நன்றாகத் தேய்த்தார். வெண்பட்டில் வட்டமாக ஒரு வரட்டி உதித்தது.

"துவைத்துவிடாதீர், பிரதானியாரே" என்றான் தாண்டவராயன். "ஆணைப்படி அது இப்போது மன்னர்."

தூதர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அதற்குப் பிறகு மன்னர் சிரித்த சிரிப்பை அந்த மண்டபம் அதுவரை கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே ஆணையைக் கிழித்தார். சிரித்துக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயனுக்குப் போட்டார். சிரிப்பு தாங்காமல் சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்து, தலையைப் பின்னால் எறிந்தார்.

"மகாராஜா! சுவர்!" என்று சபை முழுதும் அலறியது.

தலை சுவரில் படவில்லை. இடையில் மெத்தென்று ஏதோ இருந்தது. மன்னர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். இருளப்பனின் வலது உள்ளங்கை. அரச தலையைத் தொட்டுவிட்டோமே என்று அவனே வெலவெலத்துப்போய் நின்றான். ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை.

"அந்த ஒரு எடத்துல மட்டும் திரும்பப் பூசுனா தேமல் கணக்கா தெரியும் மகராசா" என்றான் தடுமாறிக்கொண்டு. "ஒரு சுவரு முழுசையும் பூசணும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு நேரா ஒக்காருங்க."

மன்னர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே தம் முன்கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அந்தக் கையில் மாட்டினார். எண்ணெய் பட்டு வழுக்கிக்கொண்டிருந்ததால், காப்பு சுலபமாக ஏறிற்று.